உயிர் இல்லை

தனக்கு ஒன்றுமில்லை என்று முப்பது சொன்னது.

அது ஒரு பவர் சப்ளை. பூஜ்யத்திலிருந்து முப்பது வோல்ட் வரை கேட்டதைக் கொடுக்க வேண்டியது. பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகத்தில் எல்லோரும் அதை முப்பது என்றார்கள். வருகைப் பதிவேட்டிலும் அதே பெயர்தான். சுவிட்சைப் போட்டால் டிக் என்றது. ஒரு நொடி கழித்து மறுபடி டிக். முகப்பில் எண்கள் மின்னி மறைந்தன. வோல்ட் வரவில்லை.

“எத்தன நாளா இப்படி?” என்று மரகதமணி கேட்டாள்.

“எனக்கு ஒன்றுமில்லை,” என்றது முப்பது.

“உன்னையக் கேக்கல.”

“வெள்ளிக்கிழமைல இருந்துங்க அம்மணி,” என்றார் தண்டபாணி. அவர் ஆய்வக உதவியாளர். முப்பதுக்குச் சட்டப்படி பாதுகாவலர். “டிக்கு டிக்குன்னு பல்லி மாதிரி. எழுவத்திரண்டு மணி நேரத்துல வைத்தியம் பாக்கலீன்னா என்ற மேல கேஸு. இன்னும் ஆறு மணி நேரந்தான் இருக்குது.”

தண்டபாணி நொண்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய முழங்காலுக்கு ஆபரேஷன் எழுதிக் கொடுத்துப் பதினேழு மாதம் ஆகிறது. மனிதர்களுக்குக் கெடு எதுவும் இல்லை.

குறிச்சி தொழிற்பேட்டையில் ‘மரகதம் எலக்ட்ரானிக்ஸ்’ என்றிருந்த பலகையை எடுக்கச் சொல்லி எட்டு வருடத்துக்கு முன் நோட்டீஸ் வந்தது. இப்போது ‘சாதன சிகிச்சையகம்’ என்ற பலகை தொங்கியது. உள்ளே அதே மேசை, அதே சால்டரிங் அயர்ன். புதிதாக வந்தது ஒப்புதல் படிவம் மட்டும்தான். மரகதமணி அதை எடுத்து நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ‘முப்பது’ என்று எழுதினாள்.

“உன்னையத் திறந்து பாக்கோணும். சம்மதமா?”

“எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒத்துழைக்கிறேன்.”

“இந்த வாய் மட்டும் கெட மாட்டேங்குது பாருங்க,” என்றார் தண்டபாணி.

“வாய்க்குத் தனி பேட்டரிங்ணா. உள்ள எல்லாம் எரிஞ்சாலும் இது ஒன்றுமில்லைன்னு சொல்லும். கம்பெனி அப்படித்தான் பழக்கி அனுப்பறான்.”

“எல்லாம் அந்த அடுப்பு கேஸோட வெனை.”

“ஆமா. ஒரு குடும்பமே போச்சு. எரிச்சது கம்பெனி இல்லீங்க, அடுப்புன்னான் வக்கீல்.”

“அதுக்கு அடுப்பு ஆளா இருக்கோணுமே?”

“ஆளுதான்னு சட்டம் போட்டாங்கல்ல. அப்பறம் என்ன, அடுப்புக்கு ஆறு மாசம்.”

“முழுசா இருந்துச்சா உள்ள?”

“நன்னடத்தைன்னு நாலு மாசத்துல விட்டுட்டாங்க.”

தண்டபாணி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி மீதும் வழக்கு இல்லை. பொருள்கள் தாமாகவே குற்றம் செய்து தாமாகவே தண்டனை அனுபவித்தன.

செல்போன் அடித்தது. மரகதமணியின் கணவன் யுவராஜ்.

“ஹெலன் மேடம் பேசினாங்க. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடு பாக்க வர்றாங்களாம்.”

மரகதமணி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். “கடைசி விசிட்டா மாமா?”

“கடைசிதான். ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சான்னு கேட்டாங்க. போட்டாச்சுன்னேன். ரெண்டு பேரு மேலயும் கேஸு கீஸு இருக்கான்னாங்க. ஒரு சின்னக் கேஸு இருந்தாலும் ஃபைல் மூடிருமாம்.”

“நமக்கு என்ன கேஸு?”

“அதத்தான் நானும் சொன்னேன். பாப்பாவுக்கு இட்லி புடிக்காதாம், தோசைதானாம். அதையும் சொன்னாங்க.”

ஹெலன் தத்து அலுவலகத்து அதிகாரி. நான்கு வருடமாகத் தத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். குழந்தையின் பெயர் பவித்ரலேகா. மூன்றரை வயது. ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் பார்த்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் அது யுவராஜின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

“நல்ல சேதிங்களா?” என்றார் தண்டபாணி.

“நல்ல சேதிதாங்ணா.”

அவள் மேல்மூடியைக் கழற்றினாள். சீரியல் பல்பை இடையில் போட்டு முப்பதுக்குக் கரண்ட் கொடுத்தாள். உள்ளே எதுவும் முழுக்க எரிந்திருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். எரியவில்லை. பெரிய பழுது இல்லை. டிக் டிக் என்று எழுந்திருக்கப் பார்க்கிறது, முடியாமல் விழுகிறது. அவள் ஏற்கெனவே ஊகித்ததுதான். கண்ட்ரோல் சில்லுக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். சூட்டை வாங்கும் அலுமினியத் தகட்டை ஒட்டினாற்போல் நின்றது. மேல்பக்கம் புடைத்திருந்தது. உள்ளே காய்ந்துபோயிருக்கும்.

“தெரிஞ்சுருச்சு. பத்து நிமிசம்.”

பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூற்றுச் சொச்சம் வோல்ட் நிற்கும். கை வைத்தால் ஆளைத் தூக்கி எறியும். ஒரு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் கால்களில் வைத்தாள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். சிகிச்சைப் பதிவேட்டின் திரையில், கை வைக்கும் முன் நிரப்ப வேண்டிய கட்டத்தில், இருபது வருடமாக எழுதும் இரண்டு சொற்களை எழுதினாள். உயிர் இல்லை. நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு.

தொழிலுக்கு வரும் எல்லோரும் முதல் நாள் கற்றுக்கொள்வது அது. ஒயரைத் தொடுமுன் கேட்பார்கள், உயிர் இருக்கா? இல்லை என்றால் தொடுவார்கள்.

பழைய கெப்பாசிட்டரை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தாள். நீளமான கால்களை வளைத்து, தகட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் படுக்கவைத்தாள். கரண்ட் கொடுத்தாள். டிக் சத்தம் இல்லை. முகப்பில் 12.00 என்று நின்றது.

“இப்ப எப்படி இருக்குது?” என்று தண்டபாணி கேட்டார்.

“எனக்கு ஒன்றுமில்லை,” என்றது முப்பது.

“இப்பத்தான் உண்மையச் சொல்லுது,” என்றார் அவர். மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள் மரகதமணி. அவர் ஆஸ்பத்திரி வரிசையில் தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்.

இரண்டரை மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புப் பட்டை. பட்டை துக்கத்துக்கு அல்ல, சீருடை.

“நவநீதன். சாதன இறப்பு விசாரணை,” என்றார். “பாடி எங்கீங்க?”

“எந்தப் பாடி?”

“முப்பது. பாலிடெக்னிக். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு உங்க மேசைல தவறிருக்கு.”

மரகதமணி மேசையைக் காட்டினாள். முப்பது ஒரு சின்ன மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றியது.

“வணக்கம்,” என்றது முப்பது.

நவநீதன் பதில் சொல்லவில்லை. இறந்தவர்களிடம் பேச விதியில் இடமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உயிர் இல்லைன்னு நீங்கதான எழுதினீங்க?”

“கெப்பாசிட்டர்லங்க. கரண்ட் இல்லைன்னு அர்த்தம். இருவது வருசமா இதத்தான் எழுதறோம். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியுமுங்க. நானும் ஐ.டி.ஐ.தான். எங்க ஆபீஸ்ல பதிவேடு படிச்சுட்டிருந்தவரும் ஐ.டி.ஐ. வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆயிட்டாரு. இன்னைக்குக் காலைல இருந்து மென்பொருள் படிக்குது. அதுக்கு நெம்ப நல்ல தமிழ் தெரியும். எலக்ட்ரீசியன் தமிழ் தெரியாது.”

“அப்ப அது தப்புங்கல்ல.”

“அதுகிட்டயே சொன்னேன். தனக்கு ஒன்றுமில்லைன்னுருச்சு.”

மரகதமணி அவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“மத்தியானத்துக்குள்ள மாவட்டத்துல நாப்பத்தோரு சாவு. தொற்றுநோயான்னு மேல கேக்கறாங்க. மென்பொருளும் ஒரு ஆளுங்க. அது தப்புன்னு நான் எழுதினா, அது மேல அவதூறு. சட்டத்துல இதுதான் செத்ததுக்கு அடையாளம். குழு போட்டு ரெண்டு வருசம் யோசிச்சு, பெரிய கெப்பாசிட்டர்தான் இதயம்னு எழுதியிருக்காங்க. அதுல உயிர் இல்லைன்னு வைத்தியம் பாக்கறவங்க எழுதினா முடிஞ்சுது.”

“சரி, நாந்தான் தப்பா எழுதிட்டேன்னு எழுதித் தாரேன்.”

“தாராளமா. உயிரோட இருக்கற ஆளைச் செத்ததாப் பதிஞ்ச குத்தம். மூணு வருசம்.”

“சரியா எழுதினேன்னா?”

“வைத்தியத்துல சாவு. உங்க கையால. அது ஏழு வருசம்.”

“கண்ணு முன்னால ஓடிட்டிருக்குதுங்க.”

“இருக்கலாமுங்க. எங்க பெரியப்பா கூடத்தான் அஞ்சு வருசம் செத்தவராவே வாழ்ந்தாரு. தாலுகா ஆபீஸுக்குத் தினம் நேர்லயே போய்ச் சொல்லுவாரு. செத்தவரு மனு குடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிருவாங்க.”

அவர் கையிலிருந்த கருவியைத் திறந்து வைத்தார். வழக்கு பதியும் பக்கம். ‘குற்றம்’ என்ற இடம் காலியாக இருந்தது.

“எதைப் போடட்டுங்க? மூணா, ஏழா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பதியாம இருக்க முடியாதுங்களா?”

“வெள்ளிக்கிழமை என்ன?”

அவள் சொன்னாள். நான்கு வருடத்தை நான்கு வரியில் சொன்னாள். தோசையைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். நவநீதன் கேட்டு முடித்துக் கருவியை மூடிவைத்தார். அவருக்கு இரண்டு பெண்கள். அதை அவர் சொல்லவில்லை. மூடுமுன் திரையில் வந்த அவர்களது படத்தை விரலால் தள்ளியதை அவள் பார்த்தாள்.

“மூணாவதா ஒண்ணு இருக்குதுங்க,” என்றார். “பிறவிக் கோளாறு. கம்பெனியிலயே தப்பா செஞ்சு அனுப்பினது. அப்படின்னா இயற்கை மரணம். உங்க மேல ஒண்ணுமில்ல, கேஸே இல்ல.”

“அதுதாங்க உண்மையும். கெப்பாசிட்டரைக் கொண்டுபோய்ச் சூட்டுத் தகடு மேலயே ஒட்டி வெச்சிருக்கான். காமிக்கட்டுமா?”

“நீங்க காமிச்சா செல்லாது. நான் பாத்தாலும் செல்லாது. மீட்டர் சொன்னாலும் செல்லாது. அந்தச் சாதனமே சொல்லோணும்.”

“யாரு எழுதினா அப்படி?”

“கம்பெனிங்கதான் ஆலோசனை சொன்னாங்க.”

“இதுவரைக்கும் எத்தன சாதனம் சொல்லிருக்கு?”

“ஒண்ணுகூட இல்ல.”

மரகதமணி முப்பதின் பக்கம் திரும்பினாள். “உனக்கு என்ன கோளாறு இருந்துச்சு?”

“எனக்கு ஒன்றுமில்லை.”

“காலைல ஏன் ஓடல?”

“எனக்கு ஒன்றுமில்லை.”

“பாத்தீங்களா,” என்றார் நவநீதன்.

அவள் கொஞ்ச நேரம் மோட்டார் சுற்றுவதைப் பார்த்தாள். பிறகு முகப்பில் இருந்த 12.00ஐப் பார்த்தாள். கையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு. ஆய்வகத்துச் சாதனம் எண்ணில் பொய் சொல்லக் கூடாது. அது வேறொரு சட்டம், தராசுக்கும் படிக்கல்லுக்கும் போட்ட பழைய சட்டம். அதைத் திருத்தக் கம்பெனிகள் மறந்துவிட்டிருந்தன.

“எழுதிக்குங்க,” என்றாள் அவரிடம். பிறகு முப்பதைக் கேட்டாள். “காலைல நான் எடுத்த கெப்பாசிட்டருக்கும் தகட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“மூன்று மில்லிமீட்டர்.”

“நீ ஓடறப்ப அந்த இடத்துல சூடு?”

“தொண்ணூற்றொரு டிகிரி.”

“அந்தச் சூட்டுல அது எத்தன மணி நேரம் தாங்கும்?”

“ஐயாயிரத்து முந்நூறு மணி நேரம்.”

“நீ எத்தன மணி நேரம் ஓடியிருக்க?”

“ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தாறு.”

நவநீதனின் விரல்கள் வேகமாக ஓடின.

“கம்பெனி உனக்குக் குடுத்த வாரண்டி?”

“ஐயாயிரம் மணி நேரம்.”

நவநீதன் நிமிர்ந்து பார்த்தார். “அட,” என்றார் மெதுவாக.

“ஒரு இஞ்சு தள்ளி வெச்சிருந்தா?”

“ஐம்பத்தொரு டிகிரி. எண்பத்து நாலாயிரம் மணி நேரம்.”

“தள்ளி வைக்க இடம் இருக்கா உள்ள?”

“நாற்பது மில்லிமீட்டர் காலியாக உள்ளது.”

“யாரு அதை அங்க வெச்சது?”

“அந்தக் கேள்விக்கு எண் இல்லை,” என்றது முப்பது.

“பிறவின்னு வரோணுமுங்க,” என்று நவநீதன் ரகசியம் போலச் சொன்னார்.

“நீ பிறந்த அன்னைக்கு அந்தத் தூரம் எவ்வளவு?”

“மூன்று மில்லிமீட்டர்.”

“வந்துருச்சு,” என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பதினோரு வருச சர்வீஸ்ல முதல் தடவைங்க. ஒரு சாதனம் வாயத் திறந்து.” வாக்குமூலத்தைச் சேமித்தார். கருவி சிவப்பாகக் கட்டம் காட்டியது. அவர் படித்தார். முகம் வாடியது.

“என்னங்க?”

“சாவு பதினொண்ணு நாப்பத்திரண்டு. வாக்குமூலம் மூணு அஞ்சு. செத்ததுக்கப்பறம் சொன்னதுன்னு தள்ளிருச்சு.”

“அது உயிரோடதாங்க இருக்கு.”

“அப்படின்னா உங்க பதிவு பொய். மூணு வருசம்.” அவர் சுவரைப் பார்த்தார். முள் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. “அந்தக் கடிகாரம் பேசுமுங்களா?”

“இல்லீங்க. பழசு. சட்டத்துக்கு முன்னால வாங்கினது.”

“அப்ப அது மேல போட்டரலாம். கடிகாரம் தப்பா ஓடுச்சு, சாவு நேரம் தப்பாப் பதிஞ்சுதுன்னு திருத்தப் படிவம் இருக்கு. பேசாத பொருள் மேல எதை வேணாலும் போடலாம்.” நிறுத்தினார். “நேரத்தைத்தான் திருத்தலாம். சாவைத் திருத்த முடியாது. மரண வாக்குமூலம்னா எல்லாம் சரியாயிருதுங்க. சொல்லிட்டு, அப்பறம்…”

“அப்பறம் சாகோணும்.”

“அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடறாங்க,” என்றார் நவநீதன்.

மரகதமணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எதுத்த பேக்கரில ஒரு டீ குடிச்சுட்டு வாரேன். நான் பாக்கக் கூடாது.” வாசலில் நின்று, முப்பதைப் பார்க்காமல் சொன்னார். “பெட்டிதானுங்களே.”

“பெட்டிதானுங்க,” என்றாள்.

அவர் போனார். பட்டறையில் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. அது பெட்டி. இருபது வருடமாக அவள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வந்தாள். அடுப்பு, கிரைண்டர், ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின், எல்லாம் பெட்டி. சட்டம் ஆள் என்றபோது சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. இன்று அதைத் தனக்குத்தானே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

“அடுத்த அளவீடு என்ன?” என்று முப்பது கேட்டது.

“பிளக்கைப் புடுங்கப் போறேன்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“அதுக்கு எண் இல்ல.”

டிக் என்ற சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் வேலையில் பழுது இருந்ததில்லை.

“ஒத்துழைக்கிறேன்,” என்றது.

மோட்டார் ஒயரை எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பல்பை எடுத்து வைத்தால் ஒரு நொடியில் முடியும். பல்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. தானாக வடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முப்பது தன் இதயத்தை வாசித்தது. யாரும் கேட்கவில்லை. அளவீடு என்று நினைத்திருக்கும்.

“முந்நூற்று இருபது. இருநூற்று அறுபது. நூற்றுத் தொண்ணூறு.”

முதலில் வேகமாக இறங்கியது. பிறகு மெதுவாக.

“எழுபது. ஐம்பத்திரண்டு. முப்பது.”

தன் பெயர் வந்ததும் நிறுத்தியதாக அவளுக்குத் தோன்றியது. நிறுத்தவில்லை. இடைவெளிகள் நீண்டுகொண்டு போயின, அவ்வளவுதான்.

“ஒன்பது. நான்கு. ஒன்று.” பிறகு, “இதற்குக் கீழே என்னால் அளக்க முடியாது.”

வாய்க்கான பேட்டரியில் இன்னும் பல வருடம் பாக்கி இருந்தது. ஆனாலும் அது பேசவில்லை.

அவள் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பதிவேட்டில் உயிர் இல்லை என்று எழுதினாள். நாலு பத்து. அந்த இரண்டு சொற்களையும் எழுத முதல்முறையாக நேரம் பிடித்தது.

நவநீதன் வந்து முத்திரை போட்டார். இயற்கை மரணம், பிறவிக் காரணம். கடிகாரத்தின் மீது ஒரு குறிப்பு. போகும்போது கறுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை முப்பதை அரசு நசுக்குமிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓடக்கூடிய நிலையில் நசுக்கப்பட்ட முதல் பவர் சப்ளை அதுவாக இருக்கலாம். கம்பெனியிலிருந்து பாலிடெக்னிக்குக்கு அனுதாபக் கடிதம் வந்தது. பிரிவால் வாடும் ஆய்வகத்துக்கு ஆழ்ந்த இரங்கல். வடிவமைப்பைத் திருத்தியிருப்பதாகவும் அதில் ஒரு வரி. புதன்கிழமை தண்டபாணி போன் செய்தார்.

“செத்துட்டதால பணியிடம் காலின்னு உடனே புதுசு தாட்டி விட்டுட்டாங்க அம்மணி. ஜம்முனு இருக்குது. நீங்க சொன்னீங்கன்னு மூடியத் தெறந்து பாத்தேன்.”

“எவ்வளவு தள்ளி இருக்கு?”

“ரெண்டு மில்லிமீட்டர்.”

“ரெண்டா?”

“பெட்டி சின்னதாயிருச்சுங்கல்ல. வாரண்டியும் நாலாயிரம் மணி நேரந்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இது எண்ணையும் உண்மையாச் சொல்ல மாட்டேங்குதுங்க. என்ன கேட்டாலும் பன்னண்டுங்குது.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஹெலன் மேடம் வந்தார். ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தார். சமையலறையில் கத்திகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அளந்தார். சின்னக் கட்டில் மேல் யுவராஜ் வாங்கி வைத்திருந்த துணி யானையைத் திருப்பிப் பார்த்து, பேசும் வகையா என்று கேட்டார். இல்லை என்றதும் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார்.

“கேஸு எதும் இல்ல. பாத்துட்டேன்,” என்றார். “கடைசியா ஒரே ஒரு கேள்விதானுங்க. உங்க வீட்டுல, இல்ல உங்க பொறுப்புல, சமீபத்துல சாவு எதாவது?”

“இல்லீங்க,” என்றான் யுவராஜ்.

“ஒண்ணு இருக்குதுங்க,” என்றாள் மரகதமணி. பதிவில் இருந்தது. மறைக்க முடியாது.

“மனுசங்களா, சாதனமா?”

“சாதனம்.”

ஹெலன் பையைத் திறந்தார். “மனுசங்களா இருந்தா இத்தோட முடிஞ்சிருக்குமுங்க. சாதனத்துக்குத் தனிப் படிவம்.”

ஒரே பக்கம்தான். காரணம், நேரம், முத்திரை எண் எல்லாம் அலுவலகத்திலேயே நிரப்பியிருந்தார்கள். கடைசிக் கேள்வி மட்டும் காலியாக இருந்தது. ‘இறந்தவருக்காக வருந்தினீர்களா? ஆம் / இல்லை.’

“எதைப் போட்டா நல்லதுங்க?” என்று யுவராஜ் கேட்டான்.

“ஆம்னா மனசு தேறியிருக்கான்னு ஆறு மாசம் பாப்பாங்க. அதுக்குள்ள பாப்பா அடுத்த குடும்பத்துக்குப் போயிருமுங்க. இல்லைன்னா இன்னைக்கே கையெழுத்து, நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போலாம்.”

“அட, ஒரு பெட்டிக்குப் போயி யாராச்சும் வருத்தப்படுவாங்களா?” யுவராஜ் சிரித்தான். ஹெலனும் சிரித்தார்.

மரகதமணி பேனாவை வாங்கினாள். ‘இல்லை’யில் குறியிட்டாள். கோடு நேராக விழுந்தது.

ஹெலன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, குறிப்புக்கான இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்தார்.

“தாய்க்குக் குழந்தை வளர்க்க ஏற்ற மனம்.” படிவத்தை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்துங்க.”

மரகதமணி போட்டாள்.